தண்ணி கேன் தம்பியின் கல்யாணப் பத்திரிகை

உங்களுக்கெல்லாம் வங்கிப் பயிற்சிக் கல்லூரியில் சைபர் பாதுகாப்பு என்று ஒரு முழுநாள் வகுப்பு நடந்திருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் தூங்கியிருப்பீர்கள். வெட்கப்படாதீர்கள், நானும் தூங்கினேன். வகுப்பெடுத்தவரே கொட்டாவி விட்டபடிதான் எடுத்தார். அவர் சொன்னதெல்லாம் சுற்றறிக்கைகளில் இருக்கிறது, வேண்டும்போது எடுத்துப் படித்துக்கொள்ளலாம். சுற்றறிக்கையில் இல்லாத ஒன்றைத்தான் ஓய்வு பெற்ற இந்தக் கிழவி உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன். பணத்தைப் பறிகொடுத்த ஆள் உங்கள் மேசைக்கு எதிரே வந்து நிற்கும்போது, உங்கள் வாயிலிருந்து முதலில் என்ன வரவேண்டும்? அதைப் பற்றித்தான் பேச்சு.

திருமுல்லைவாயிலில் ஒரு கிளைக்கு நான் மேலாளராக இருந்தேன். மாடியில் கிளை, கீழே பேக்கரி. கணக்கு முடியாத நாட்களில் பப்ஸ் வாசனை மேலே வந்து உயிரை எடுக்கும். வாடிக்கையாளர்களில் முக்கால்வாசி அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் பெண்கள். காலையில் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும், மாலையில் கொண்டுவந்து கொட்டும். கம்பெனிக்குள் போன் எடுத்துப் போகக் கூடாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். நம் வங்கி திறந்திருக்கும் நேரமெல்லாம் அவர்கள் இயந்திரத்துக்கு முன்னால் நிற்பார்கள்.

ஆகவே அவர்கள் சார்பில் வங்கிக்கு வருவது அம்சா. மகளிர் குழுத் தலைவி. காலையில் இட்லிக்கடை, பத்து மணிக்குக் கடையைக் கழுவிவிட்டால் அப்புறம் ஊர் வேலை. கேஸ் பதிவது, கரன்ட் பில் கட்டுவது, ரீசார்ஜ் செய்வது, பாஸ்புக் போட்டு வாங்குவது எல்லாம் அவள்தான். படியேறும்போதே குரல் கேட்கும். "மேடம், உங்க பாஸ்புக் மிசின் இன்னைக்காச்சும் உயிரோட கீதா?" என்று வாசலிலிருந்தே கேட்பாள். அது பெரும்பாலும் உயிரோடு இருக்காது.

நான் அந்தக் கிளைக்குப் போன புதிதில் கணினியைப் புரட்டியபோது தலை சுற்றியது. குழுவில் இருந்த அத்தனை பெண்களின் கணக்கிலும் ஒரே கைபேசி எண். அம்சாவின் எண். எனக்கு முன்பிருந்தவர்கள் முகாம் போட்டுக் கணக்கு திறந்தபோது அப்படியே ஏற்றிவிட்டார்கள். கோமளா என்று ஒருத்தி, அந்தக் குழுவில் அம்சாவுக்கு உயிர்த்தோழி. அவளைக் கூப்பிட்டு, "உன் கணக்குக்கு உன் எண்ணைக் கொடு" என்றேன்.

"ஐயோ மேடம், ஊட்ல கீற போன் அந்தாளு கைல கீது. சம்பளம் ஏறுன மெசேஜ் வந்துச்சின்னா எனக்கு முன்னாடி அவன் கார்டத் தூக்கிகினு ஓடுவான். அப்பால நானும் பொண்ணும் காத்தத்தான் துன்னணும்."

மற்றவர்களும் அதையே சொன்னார்கள், சொந்தப் போன் இருந்தவர்களுடையதையும் வீட்டில் புருஷன் எடுத்துப் பார்ப்பானாம். புருஷன் கண்ணில் சம்பளச் செய்தி படக்கூடாது என்பதற்காகவே எண்ணை அம்சாவிடம் வைத்திருந்தார்கள். நான் மாற்றச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன், அவர்கள் சிரித்துச் சிரித்து நழுவுவார்கள். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு நாள் கோமளாவும் அம்சாவும் சேர்ந்து வந்தார்கள். கோமளா கம்பெனிக்கு விடுப்புப் போட்டு, தலையில் பூ வைத்து, முகமெல்லாம் பல்லாக இருந்தாள். மகளுக்கு வரன் அமைந்துவிட்டது. தை மாதத்தில் கல்யாணம். வருங்கால வைப்பு நிதியிலிருந்து பணம் எடுத்து, அது கணக்கில் ஏறியிருந்தது. மண்டபத்துக்கு முன்பணம், தாலிக்குப் பொன், சாப்பாடு, எல்லாம் அதற்குள்தான். முன்பணம் எடுக்கத்தான் வந்திருந்தார்கள்.

கவுண்ட்டரில் விக்னேஷ். உங்களைப் போல அப்போதுதான் வேலைக்கு வந்தவன். நல்ல பிள்ளை, கை கணினியில் பறக்கும், வாய் அதைவிட வேகம்.

"அம்மா, நீங்க சொல்ற அளவுக்கு இதுல இல்லையே" என்றான்.

"இல்லன்னா இன்னா சார்? முந்தாநாள்தான் துட்டு ஏறிச்சி. அம்சாக்கா போன்ல நானே கண்ணால பாத்தேன்."

அவன் மறுபடி தட்டிப் பார்த்தான். முதலில் பார்த்ததைவிட இப்போது இன்னும் குறைந்திருந்தது. கார்டு மூலம் எங்கோ யாரோ இணையத்தில் செலவு செய்துகொண்டிருக்கிறார்கள், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. விக்னேஷ் முகம் வெளுத்து "மேடம்!" என்று கத்தினான். நான் அறையிலிருந்து ஓடி வருவதற்குள் அவன் ஆரம்பித்துவிட்டான்.

"ஓடிபி யார்கிட்ட சொன்னீங்க? எந்த லிங்க்கை அமுக்கினீங்க? ஏம்மா, அவ்ளோ பெரிய போர்டு வெச்சிருக்கோமே, அதைப் படிக்கவே மாட்டீங்களா?"

அவன் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. ஆனால் அந்த நிமிஷம் அம்சாவின் கை, போனோடு சேர்ந்து முந்தானைக்குள் போனது. "நான் ஒண்ணும் பண்ணல சார். எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். எந்நேரமும் படபடவென்று பேசுகிறவள், குரலே எழும்பவில்லை. கோமளா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இங்கே ஒரு சின்ன விஷயம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிளையில் ஒரு மேலாளர் இருந்தார். ஒரு மழைநாளில் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் வெடித்து, பணம் வைக்கும் அறை வரை தண்ணீர். நாங்கள் அத்தனை பேரும் சாக்கு, துடைப்பம், வாளி என்று தரையோடு மல்லுக்கட்டினோம். அந்த மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடியேறி வால்வை மூடிவிட்டு வந்தார். "தொடைக்கிறது அப்பறம் தொடைக்கலாம்மா. யாராவது மொதல்ல குழாயை மூடணும்னு நினைச்சீங்களா?" என்று கேட்டார். திட்டக்கூட இல்லை. எனக்கு அது மண்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

அம்சாவின் முந்தானைக்குள் இருந்ததுதான் குழாய். அது திறந்திருக்கும்வரை பணம் போய்க்கொண்டே இருக்கும். "ஏன் திறந்தாய், எதற்குத் தொட்டாய்" என்று கேட்டால் அவள் இன்னும் ஆழமாக ஒளித்துவைப்பாள். விக்னேஷைப் பார்த்து, "நீ போய் கோமளா கார்டை முடக்கு, வாயை மூடு" என்றேன். பிறகு அம்சாவிடம் திரும்பினேன்.

"அம்சா, போன் ரொம்பச் சுடுதா?"

அவள் கண் அகலமாகத் திறந்தது. "ஆமா மேடம்! நேத்துலேந்து அடுப்பு மேல வெச்சாப்ல கொதிக்கிது. உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"நேத்து அதுக்கு முன்னால போன்ல என்ன வந்துச்சு?"

மடை திறந்தது போல வந்துவிட்டது எல்லாம். அம்சா குடியிருக்கும் தெருவுக்குத் தண்ணீர் கேன் போடும் ஒரு தம்பி இருக்கிறான். நல்லவன். முப்பது தாண்டியும் பெண் அமையவில்லை. தெருப் பெண்கள் எல்லோருக்கும் அதுதான் கவலை. முந்தின நாள் அவன் எண்ணிலிருந்து அம்சாவுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது.

"அவனுக்குப் பொண்ணு அமையணும்னு நான் மாசிலாமணீஸ்வரர் கோயில்ல வெளக்கு போட்டிருக்கேன் மேடம். பத்திரிக வந்தா தொறக்காம இருப்பனா? பொண்ணு யாருன்னு பாக்க வாணாவா? தொறந்தேன். 'அனுமதி குடு, அனுமதி குடு'ன்னு கேட்டுகினே இருந்துச்சி. சரிடா கண்ணு, எல்லாத்துக்கும் அனுமதின்னு அமுக்கிட்டேன். கடசில பாத்தா பொண்ணும் இல்ல, மண்டபமும் இல்ல, வெறும் வெள்ளையா கீது."

"அப்புறம்?"

"சிக்னல் இல்லன்னு நெனச்சி குழுவுல எல்லாருக்கும் அனுப்பிட்டேன். அவங்களாச்சும் தொறந்து பொண்ணு பேரு சொல்லட்டும்னு."

சிரிக்காதீர்கள். அல்லது இப்போது சிரித்துக்கொள்ளுங்கள், கவுண்ட்டரில் சிரிக்காதீர்கள். அது பத்திரிகை அல்ல, பத்திரிகை என்று பெயர் சூட்டிய ஒரு செயலி. உள்ளே ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால்தான் போன் கொதிக்கும். அதை உள்ளே விட்டுவிட்டால் போனுக்கு வரும் ஓடிபி எல்லாம் திருடனுக்கும் போய்ச் சேரும், பணம் போன செய்தி நம் கண்ணில் படாமலே மறையும், போனில் இருக்கும் படங்களும் போகும். தண்ணீர் கேன் தம்பியும் அனுப்பவில்லை. அவனும் அதே மாதிரி ஒரு பத்திரிகையைத் திறந்து மாட்டிக்கொண்டவன்தான், அவன் போனிலிருந்து அது தானாகவே எல்லோருக்கும் போயிருக்கிறது.

போனை வாங்கி அணைக்கப் பார்த்தேன். திரை உறைந்துபோய் எதற்கும் அசையவில்லை. சிம்மை உருவ வேண்டும், அதற்கான ஊசி யாரிடம் இருக்கும்? கோமளா தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றி நீட்டினாள். குத்தினேன். சிம் வெளியே வந்தது. குழாய் மூடியாயிற்று.

ஆனால் எனக்கு ஒன்று இடித்தது. ஓடிபி அம்சா போனிலிருந்து போயிருக்கிறது, சரி. கோமளாவின் கார்டு எண் திருடனுக்கு எப்படிக் கிடைத்தது? மெதுவாகத்தான் கேட்டேன்.

அம்சா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கேஸ் பதியறதுக்கு, பில்லு கட்றதுக்கு ஒவ்வொரு வாட்டியும் கார்டு கேக்க முடியாதுல்ல மேடம். அதான் போட்டோ புடிச்சி வெச்சிகினேன்."

"கோமளாவுடையதையா?"

"எல்லார்தும் மேடம். முன்னாலயும் பின்னாலயும்."

சிம்மைப் பிடுங்கியாயிற்று என்று எத்தனை நேரம் நம்பிக்கொண்டிருப்பது? அத்தனை கார்டுப் படங்களும் ஏற்கெனவே திருடன் கையில். ஓடிபி இல்லாமலே காசு எடுக்கிற வெளிநாட்டுத் தளங்களும் உண்டு. அத்தனை கார்டையும் முடக்க வேண்டும். விதிப்படி வாடிக்கையாளர் கேட்டால்தான் முடக்கலாம். அவர்களோ எஸ்டேட்டில், போன் லாக்கரில்.

மண்டல அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஒரு அதிகாரி மிக இனிமையான குரலில், "எல்லார்கிட்டயும் எழுத்துல வாங்கிடுங்க மேடம்" என்றார். மிக்க நன்றி என்று வைத்துவிட்டேன்.

"மேடம், கேக்காம முடக்கினா நம்ம மேல புகார் வரும்" என்றான் விக்னேஷ்.

"வரட்டும். கார்டு வேலை செய்யலேன்னு சண்டைக்கு வர்றவங்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும். காசு போயிடுச்சேன்னு அழறவங்களுக்கு நீ பதில் சொல்றியா? தட்டு."

தட்டினான். அம்சா பெயர் சொல்லச் சொல்ல, அவன் விரல் ஓடியது. கடைசிப் பெயருக்குப் போகும் முன்பே, ஏற்கெனவே முடக்கிய ஒரு கார்டில் யாரோ பணம் எடுக்க முயன்று தோற்ற செய்தி திரையில் வந்தது. திருடன் இன்னொருத்தியின் கணக்கிலும் கைவைக்கப் பார்த்திருக்கிறான்! நாங்கள் நாலு பேரும் அந்தத் திரையைப் பார்த்தோம். விக்னேஷ் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

பிறகு அவனே சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசி, பதிந்து, விடாமல் துரத்தினான். போன பணத்தில் பாதி ஒரு இணைய வாலட்டில் தங்கியிருந்தது, அதை அங்கேயே நிறுத்தி வைத்தார்கள். மீதிப் பாதி எங்கெங்கோ கைமாறிக் காணாமல் போயிற்று. கணக்கில் மிஞ்சியிருந்தது மண்டப முன்பணத்துக்குச் சரியாக இருந்தது. தாலிப் பொன்னும் சாப்பாடும் அந்தரத்தில்.

கவுண்ட்டர் மூடிய பிறகு, மாலையில் கம்பெனி பஸ் வந்தது. கீழே ஏடிஎம்மில் கார்டு போட்டுப் பார்த்துவிட்டு ஒரு படையே மாடியேறி வந்தது.

"இன்னா மேடம் இது? எங்க துட்ட எங்களுக்கே குடுக்க மாட்டியா? யாரக் கேட்டு கார்ட நிறுத்துன?"

நன்றாகத் திட்டட்டும் என்று விட்டுவிட்டு, மூச்சு வாங்கியதும் நடந்ததைச் சொன்னேன். சத்தம் அடங்கியது. அத்தனை தலையும் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒடுங்கி நின்ற அம்சா பக்கம் திரும்பியது. ஒருத்தி மட்டும் மெல்ல, "எனக்கும் வந்துச்சி. தொறக்கலாம்னுதான் பாத்தேன், போன்ல சார்ஜ் இல்ல" என்றாள். வேறு நாளாக இருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள்.

அம்சா கோமளாவின் கையைப் பிடித்தாள். "கோமு, என் தல அடமானம் வெச்சாவது..."

"ஒண்ணும் பேசாத" என்றாள் கோமளா. முன்பணத்தை மடியில் முடிந்துகொண்டாள். "மண்டபத்துக்கு நானே போய்க்கிறேன். நீ வராத."

அந்த இரண்டு பேரும் தனித்தனியாகப் படியிறங்கி நான் பார்த்ததே இல்லை. கோமளா போன பிறகு அம்சா என்னைப் பார்த்து, "இனிமே எவ மேடம் என்ன நம்புவா? அந்தத் தெருவுல எப்டி நடப்பேன்?" என்று கேட்டாள். அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் முழுக்கக் குழுவினர் ஒவ்வொருவராக வந்து எண்ணை மாற்றினார்கள். புருஷன் பிரச்சினைக்கு அவர்களே வழி கண்டுபிடித்தார்கள். ஆளுக்கொரு பட்டன் போன் வாங்கி, அதைக் கம்பெனி லாக்கரிலேயே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அதில் எந்தத் திருட்டுச் செயலியும் ஏறாது, எந்தப் புருஷனும் பார்க்க மாட்டான். அம்சா இட்லிக்கடையைக் கழுவிவிட்டு தினமும் வந்து நின்றாள். பழுதுபார்த்து வாங்கிய போனில் பழைய படங்கள் திரும்ப ஏறியிருந்தன. ஒவ்வொருத்தியின் கார்டுப் படத்தையும் அவளவள் கண்ணெதிரிலேயே அழித்துக் காட்டினாள். இனி யாருக்காவது பணம் அனுப்பினால் என்ன செய்ய வேண்டும் என்று நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். திரையில் யார் பெயர் வருகிறது என்று வாய்விட்டுப் படி, பிறகு அமுக்கு. அதை அவள் வந்தவர்களுக்கெல்லாம் அதட்டி அதட்டிச் சொன்னாள். கோமளா மட்டும் அம்சா இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டாள். அம்சா அடுத்த நாள் வந்து, "கோமு வந்தாளா மேடம்?" என்பாள். "வந்தாள்" என்பேன். அவ்வளவுதான் பேச்சு.

கார்த்திகையில் நிறுத்தி வைத்த பாதிப் பணம் ஒருவழியாகக் கோமளா கணக்குக்கு வந்து சேர்ந்தது. மீதி வரவில்லை. மார்கழி கடைசியில் அவள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு அச்சடித்த பத்திரிகை கொண்டுவந்தாள். அந்தத் தெருவில் இப்போது போனில் பத்திரிகை அனுப்பினால் யாரும் திறப்பதில்லையாம், வீடு வீடாக நடந்து கால் போயிற்றாம். தண்ணீர் கேன் தம்பிக்கு இன்னும் பெண் அமையவில்லை என்றும், பார்க்கிறவர்கள் எல்லாம் கல்யாணம் எப்படி நடந்தது என்று விசாரித்து அவனைப் பேஜார் பண்ணுகிறார்கள் என்றும் சொன்னாள். கல்யாணச் செலவை எப்படிச் சமாளித்தாய் என்றேன். பொன்னைக் குறைத்துவிட்டார்களாம். அம்சாவைப் பற்றிக் கேட்டேன். "வந்து பாருங்க மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன மண்டபம். நானும் விக்னேஷும் போனோம். நுழைந்ததும் மொய் மேசை. நம் ஊரில் மொய் மேசையில் யாரை உட்கார வைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கூடப் பிறந்தவனையே யோசித்துத்தான் உட்கார வைப்பார்கள். அந்த நாற்காலியில் பட்டுப்புடவை கட்டி, மடியில் மஞ்சள்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அம்சா உட்கார்ந்திருந்தாள்.

நான் கோமளாவைத் தேடிப் பிடித்தேன். வாய் வரைக்கும் வந்த கேள்வியை அவளே பிடித்துக்கொண்டாள்.

"வேற யார மேடம் உக்கார வெப்பேன்? கோவம் இருந்துச்சி, இல்லன்னு சொல்லல. மூணு மாசம் மொகத்த பாக்கல. அப்பால ஒரு நாள் ரோசன பண்ணேன். எத்தினி வருசமா என் சம்பளம் அவ போன்ல கீது. என் ஊட்டுக்காரனுக்கே தெரியாத துட்டு அவளுக்குத் தெரியும். ஒரு ரூபா தொட்டிருப்பாளா? எவனோ ஒரு கய்தே திருடினு போனான். அவன் துட்டும் எடுத்துகினு, என் அம்சாக்காவயும் எடுத்துகினு போணுமா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு மொய் மேசைக்குத் திரும்பினேன். ரொக்கம் கொடுக்காதவர்களுக்காக மேசைமேல் ஒரு கியூஆர் அட்டை இருந்தது. விக்னேஷ் பக்கத்தில் நிற்க, நான் போனை நீட்டி, தொகையைப் போட்டு, வழக்கமான அவசரத்தில் கட்டைவிரலைக் கொண்டுபோனேன். பட்டென்று என் கையைப் பிடித்தாள் அம்சா.

"மேடம்! பேரு வந்துச்சா? வாய் வுட்டுப் படிங்க."

பின்னால் வரிசை நின்றது. முப்பத்தைந்து வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சத்தமாகப் படித்தேன்.

"கோமளா."

"ம். இப்ப அமுக்குங்க" என்றாள்.